நாய்களைப் பற்றிய அட்டை

அம்மா அட்டையைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு படித்தாள். "ரெண்டு பொறுப்பு ஒண்ணோட ஒண்ணு முட்டிக்குது. இதுக்குப் பேரென்ன?"

"பங்கு மோதல்."

"ஒரே பொறுப்புக்குள்ளயே மூச்சு முட்டினா?"

"பங்கு நெருக்கடி."

"இதுக்கெல்லாம் பேரு வச்சு மார்க்கும் போடறாங்களா? அப்போ நான் என்னிக்கோ டாக்டர்டீ, ஹெய்டி."

நான் மருத்துவமனையில் ரத்தம் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு வேண்டிய வேதியியலும் உயிரியலும் முன்பே படித்தவை. அதே தேர்வில் கேட்கும் உளவியல், சமூகவியல் வாசனையே கிடையாது. நூலகத்துப் புத்தகங்களை வைத்துக்கொண்டு நானே எழுநூறு கேள்வி அட்டைகள் எழுதினேன். ஏரி உறைந்து கிடக்கும் மாதங்களில் அப்பா ஞாயிறுதோறும் பனிமேல் துளைபோட்டு மீன் பிடிக்கப் போய்விடுவார். அந்த நாலைந்து மணி நேரம் அம்மா என் வீட்டுக்கு வருவாள். மாட்டிறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுட்ட பேஸ்டியைத் துணியில் சுற்றி எடுத்துவருவாள். கேள்வி கேட்பாள். அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

எனக்குப் பதினாறு வயதில் அப்பா அவள் மணிக்கட்டை ஒடித்தார். மறுநாள் பையோடு வாசலில் நின்று, "வாம்மா, போயிடலாம்" என்று கெஞ்சினேன். அவள் வரவில்லை. சித்தி வீட்டிலிருந்துதான் படித்தேன். அவளுக்கு என்னைவிட அவர் பெரிதாகப் போய்விட்டார் என்றே பத்து வருடம் நினைத்திருந்தேன். ஒருமுறை அதை அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள்.

அந்த ஞாயிறு அடுத்த அட்டையை எடுத்தாள். "தப்பிக்க முடியாத எடத்துல நாய்க்குத் திரும்பத் திரும்ப ஷாக் குடுத்தாங்க. பிறகு நடுவுல ஒரு வேலியைத் தாண்டினா தப்பிக்கலாம்னு இருந்தும் அது போகல."

"கற்ற கையறுநிலை."

அம்மா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலி உசரமா?"

"இல்லம்மா. குட்டைதான். தாண்டினாப் போதும்."

"அப்புறம் எப்படி வெளிய கொண்டாந்தாங்க?"

"காலைப் புடிச்சு நகர்த்தி நகர்த்தி. ஒரு தடவையில வரல. நெறைய தடவை."

அம்மா அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். "அந்த நாய்ங்களுக்குக் குட்டி இருந்துச்சான்னு எழுதியிருக்கா?"

"இல்லம்மா" என்றேன். கவிழ்த்த அட்டையை எடுத்து மற்றவற்றோடு சேர்த்தேன். "இன்னிக்கு இங்கயே இரேன்" என்றேன். கடிகாரத்தைப் பார்த்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டேன்; தொலைபேசியை அப்பாதான் எடுத்தார். "டாக்டரம்மாவா? உங்கம்மா பனியில வழுக்கி விழுந்துட்டா. இனிமே அட்டை புடிக்கக் கை வராது." சிரித்தபடி வைத்துவிட்டார்.

மறுநாள் அவர் மர ஆலைக்குப் போயிருப்பார் என்று தெரிந்து போனேன். அம்மா கதவைத் திறந்தாள். பாத்திரம் துடைக்கும் துணியால் இடக்கையைக் கழுத்தோடு கட்டியிருந்தாள். கன்னத்தில் மஞ்சள் பாய்ந்த காயம். அவள் கோட்டை எடுத்து நீட்டினேன். குழந்தை போல நல்ல கையை உள்ளே விட்டாள். வீட்டுச் செருப்போடு வந்து வண்டியில் உட்கார்ந்தாள்.

தேவாலயம் தாண்டியதும் சொன்னேன். "இத்தனை வருஷமா உன்னைத் தப்பா நெனச்சுட்டேம்மா."

"நீ நெனச்சதுல என்ன தப்பு? நான் வரலதானே."

பெட்ரோல் நிலையம் வந்தது. அவள் மூச்சு வேகமாவது எனக்குக் கேட்டது. "நிறுத்து."

"வேண்டாம்மா. என் வீட்டுக்கு இன்னும் பத்து நிமிஷம்தான்."

"நிறுத்துடீ. என்னால முடியல."

நிறுத்தினேன். இறங்கி, வந்த வழியே நடக்கத் தொடங்கினாள். வண்டியைத் திருப்பி அவளுக்குப் பக்கத்தில் நடைவேகத்தில் ஓட்டினேன். "ஏறும்மா. கால் விறைச்சுப் போயிடும்." அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வந்த லாரி ஒலியெழுப்பி எங்களைக் கடந்து போனது. சாய்ந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன். வண்டியின் சூடெல்லாம் வெளியேறிக்கொண்டிருந்தது. ஓரத்துப் பனிமேட்டில் கதவின் விளிம்பு உரசிக்கொண்டே வந்தது. செருப்பு வழுக்கியபோது அம்மா நல்ல கையால் கதவின் மேல்விளிம்பைப் பிடித்தாள். பிடித்த கையை எடுக்கவில்லை. ஏறவும் இல்லை. அப்படியே நடந்துவந்தாள்.