பதினொரு நிமிடம்

சனத்தை அழவைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நடக்கப்போவது பார்ப்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், மேடையில் நிற்பவனுக்குத் தெரியக்கூடாது. அதற்குப் பிறகு இழுக்க வேண்டும். சாவை வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டு, உள்ளே இருப்பவர்களைப் பேசவிட வேண்டும். ரிஷிவந்தியம் முதல் களமருதூர் வரை திருவிழா மேடைகளில் இருபது வருஷமாக இதைச் செய்துதான் பேர் வாங்கினேன். தீனதயாளன் நாடகம் என்றால் முந்தானை நனையாமல் யாரும் வீடு திரும்பமாட்டார்கள் என்று எனக்குப் பெருமை வேறு.

எண்பத்தேழு போராட்டத்துக்கு அடுத்த பங்குனிக்கு ‘வழி’ என்று ஒரு நாடகம் எழுதினேன். இட ஒதுக்கீடு கேட்டு அந்தச் செப்டம்பரில் ஒரு வாரம் சாலைகளில் மரத்தை வெட்டிப் போட்டோம். கேட்டது நியாயம், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் மூன்றாம் நாள் காலை, மலையடிவாரத்தில் நாங்கள் சாய்த்த புளியமரத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளிமலை ஜீப் ஒன்று வந்து நின்றது. உள்ளே சின்னப்பொண்ணு என்ற மலைக்காரப் பெண், பிரசவ வலியில். திருப்பி அனுப்பினோம். மலை ஏறும் வழியிலேயே அவளும் வயிற்றுப் பிள்ளையும் செத்துப்போனார்கள்.

திருப்பி அனுப்பியவன் நான். போலீசுக்குப் பயந்து துண்டால் முகத்தை மூடியிருந்தேன். கூட நின்ற ஏழெட்டுப் பேருக்குத் தெரியும். அவள் புருஷன் வேடியப்பனுக்குத் தெரியாது.

நாடகத்தில் அந்த இடத்தைப் பதினொரு நிமிடம் இழுத்திருந்தேன். போராட்டக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து வாதாடுவார்கள். ‘வழி விடலாம்’ என்று தலைவன் கோடாலியை எடுப்பான். போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டுக் கீழே போடுவான். மறுபடி எடுப்பான். ஒவ்வொரு தடவையும் ஜீப்புக்குள்ளிருந்து ஒரு முனகல். கடைசியில் அழுதுகொண்டே மரத்தை வெட்டி வழி விடுவான். அதற்குள் முனகல் நின்றிருக்கும். யார் மேலும் குற்றம் இல்லை, எல்லாம் காலத்தின் மேல். அவ்வளவு சாமர்த்தியமாக எழுதியிருந்தேன்.

செத்தவளின் புருஷன் சம்மதிக்காமல் மேடை ஏற்றக்கூடாது என்று விழாக் குழு சொல்லிவிட்டது. தலைவனாக நடித்த சிவசங்கர் மலைக்குப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேடியப்பனை ரைஸ்மில் களத்து ஒத்திகைக்கு அழைத்துவந்தான்.

“வாங்க, உக்காருங்க,” என்றேன் தாழ்ந்த குரலில். மலைக்காரரை எங்கள் பக்கம் யாரும் ‘ங்க’ போட்டு அழைப்பதில்லை. சிவசங்கர் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அதற்கு மேல் வாயைத் திறக்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். முகத்தைத்தான் மூடியிருந்தேனே தவிர, குரலை மூடவில்லையே.

காட்சி தொடங்கியது. அட்டை ஜீப்பைத் தூக்கிவந்த செல்லமுத்து அதன் மூக்கைத் தப்பாக மலைப்பக்கம் பார்க்க வைத்தான். இருபது வருஷ நாடக வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா?

“திருப்பு!” என்று கத்திவிட்டேன்.

வேடியப்பன் நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, அட்டை ஜீப்பையே பார்த்தார். அப்புறம் பதினொரு நிமிடமும் அசையவில்லை. முனகல் நின்றபோது மில்லில் வேலை செய்யும் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

“இன்னாபா, எப்டி கீது?” என்று சிவசங்கர் கேட்டான்.

“நல்லாத்தான் கீது. அன்னிக்கு இவ்ளோ நேரமா பேசிக்கினு இருந்தாங்க?”

“நாடகம்னா அப்டித்தான்பா. பாக்கறவன் தவிக்கணும்ல.”

“என்னத் தவிக்கக்கூட வுடலியே. கும்புடலாம்னு கையத் தூக்கனேன். ஜீப்ப வுட்டு எறங்கக்கூட இல்ல. ஒரே வார்த்த. அவ்ளோதான்.”

வேடியப்பன் எழுந்து என் முன்னால் வந்து நின்றார்.

“போட்டுக்குங்க, வாத்தியாரே. நான் குறுக்க நிக்கல. ஆனா அந்த ஒரு வார்த்தய நீங்கதான் சொல்லணும். இப்ப சொன்னீங்களே, அதே மாதிரி. துண்டு கட்டாம சொல்லுங்க.”

காயப்போட்ட நெல்லை மிதிக்காமல் ஓரமாக நடந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவ்வளவு நேரமும் ஒன்றும் தெரியாமல் மேடையில் நின்றவன் யார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பங்குனியில் நாடகம் நடந்தது. அவர் சம்மதித்துவிட்டார் என்று குழுவிடம் சொன்னேன், பாதி நிஜம். அந்த வார்த்தையை மட்டும் சேர்க்கவில்லை. எனக்குத் துணிச்சல் இல்லை. பதினொரு நிமிடமும் சனம் தேம்பித் தேம்பி அழுதது. முடிந்ததும் என்னை மேடைக்கு இழுத்துச் சால்வை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்து, பேசச் சொன்னார்கள். வேடியப்பன் கூட்டத்தில் எங்காவது நிற்கிறாரா என்று தேடினேன். தெரியவில்லை. சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினேன்.

வாத்தியாரே அழுகிறார் பாருங்கள் என்று கைதட்டினார்கள்.