மச்சினன் பிள்ளைகள் கடல் பார்க்க வந்தது

என் மச்சினன் ஞானையன் எனக்குத் தர வேண்டியிருந்தது, திருவிதாங்கூர்ப் பணத்தில், நாலு ரூபாயும் ஒன்பது சக்கரமும். விதைநெல் வாங்கக் கொடுத்தது. அந்த வருஷம் ஆரல்வாய்மொழிப் பக்கம் மழை ஏமாற்றிவிட்டது. விதையும் போச்சு, ரூபாயும் போச்சு. அதிலிருந்து ரெண்டு வருஷமாக அவன் எங்கள் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. என் பெண்டாட்டி நேசபாய்க்கு அவன் ஒரே தம்பி. அவன் வராததற்குக் காரணம் அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் அதைப் பேசுவதில்லை.

நான் மணவாளக்குறிச்சியில் மண் சுமக்கிறவன். கடற்கரையில் கிடக்கிற கறுப்பு மண்ணை வாரிச் சாக்கில் கட்டிக் கம்பெனிக் கொட்டகைக்குச் சுமக்க வேண்டும். பதினாறு வருஷம் சுமந்தாச்சு. கடல் என்றால் எனக்கு அந்தச் சாக்குதான். வேலை விட்டதும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

பங்குனிக் கடைசியில் அஞ்சல்காரன் ஒரு கடிதாசு கொண்டு வந்தான். ஞானையன் சொல்லச் சொல்ல அவன் மூத்த மகள் லீலாபாய் எழுதியது. அவளுக்கு ஒன்பது வயசு. எனக்குப் படிப்பு முப்பத்தைந்து வயசுக்கு மேலே, கோயிலில் நடந்த சாயங்கால வகுப்பில் கிடைத்தது. ஆகையால் எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் வாசித்தேன்.

‘மாமாவுக்கும் மாமிக்கும் ஸ்தோத்திரம். பள்ளிக்கூடம் அடைத்த பிறகு சித்திரை பத்தாம் தேதி நாங்கள் நாலு பேரும் அப்பாவும் அம்மாவும் கடல் பார்க்க வர நினைக்கிறோம். அஞ்சு நாள் இருப்போம். எங்கள் ஊரில் காற்று மட்டும்தான் இருக்கிறது. ராத்திரி கடலை அடைக்கக் கதவு உண்டா என்று தம்பி கேட்கிறான். கடல்தண்ணீரில் கஞ்சி வைத்தால் உப்பு வேண்டாமே, பிறகு எதற்குக் காசு கொடுத்து உப்பு வாங்குகிறார்கள் என்று தங்கச்சி கேட்கிறாள். சின்னவன் ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை.’

நேசபாய் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். மூன்றாம் தடவையும் சொன்னாள். எங்களுக்கு ஒரே மகள், அவளையும் குளச்சலில் கட்டிக் கொடுத்தாச்சு. வீடு சத்தமில்லாமல் கிடந்தது.

அன்றைக்கே அவள் திட்டம் போடத் தொடங்கினாள். தண்ணீர் கோரிக்கொண்டே போடுவாள், மீன் உரசிக்கொண்டே போடுவாள்.

“கேட்டியளா, மொத நாளு பாக்க மட்டும்தான். ரெண்டாம் நாளு கால நனைக்கலாம். மூணாம் நாளு முட்டளவு. நாலாம் நாளு இடுப்பளவு. அஞ்சாம் நாளு முங்கிக் குளிக்கட்டும்.”

“அஞ்சாம் நாளு முங்கினா, தல தோரும் முன்ன வண்டி ஏறணுமே?”

“ஈரத் தலையோட போனா என்ன? கடலுக்குப் போயிட்டு வந்தான்னு நாலு பேரு நம்பாண்டாமா? பொறவு அந்தக் கொச்சுப் பய. அவனுக்க இடுப்புல ஒரு கயிறக் கட்டி நான் பிடிச்சுக்கிடுவேன்.”

“ஆட்டுக்குட்டியா ஏட்டி அவன்?”

“ஆட்டுக்குட்டிக்குக் கடலக் கண்டா பயம் உண்டு. இவனுக்கு என்ன தெரியும்?”

நாங்கள் ரெண்டு பேர் தின்கிற வீட்டில் எட்டுப் பேர் அஞ்சு நாள் தின்ன வேண்டும். அரிசிக்கு என்ன செய்வது என்று நான் கேட்டேன். அவள் கயிறு திரிக்கப் போய்விட்டாள்.

பதில் எழுதுவது என் பாடு. முதலில் பழைய தாளில் எழுதிப் பார்த்தேன். வரும்போது கொண்டுவர வேண்டிய சாமான் என்று போட்டு, பாய் ரெண்டு, நல்லெண்ணெய், சுக்கு, கருப்பட்டி, மாற்றுத்துணி என்று வரிசையாக எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அரிசி நினைவு வந்தது. கடைசி வரியில், ‘நாலு ரூபா ஒன்பது சக்கரம்’ என்றும் எழுதினேன். நியாயம்தானே என்று பட்டது. நல்ல தாளில் பகர்த்தி அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. அதில் கேள்வி ஒன்றும் இல்லை. வண்டி கிடைக்கவில்லை, ஆகையால் வர முடியவில்லை என்று ரெண்டே வரி.

“வண்டி கெடைக்கலியா?” என்றாள் நேசபாய். “அந்த ஊருல ஆளவிட வண்டியில்லா கூடுதலு. நீங்க என்ன எழுதுனிய? அந்தப் பழைய தாள எடுங்க.”

எடுத்தேன். பாய், எண்ணெய், சுக்கு, கருப்பட்டி, துணி என்று விரல் வைத்து வாசித்தேன்.

“பொறவு?”

“அவ்வளவுதான்.”

அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அதுக்குக் கீழ இன்னொரு வரி கெடக்குதே. அது என்ன, கோலமா?”

சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. திரித்து வைத்திருந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: “நல்லது. அந்த நாலு ரூவாயும் ஒம்பது சக்கரமும் வரட்டும். பாய் விரிச்சுப் படுக்க வைப்போம். மாமின்னு விளிக்குமான்னு பாப்போம்.”

அன்று சாயங்காலமே மறு கடிதாசு எழுதினேன். அது சின்னது. ‘ரூபா கொண்டு வர வேண்டாம். பிள்ளைகளைக் கொண்டு வா. கடலுக்குக் கதவு இல்லை. உப்புக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது, மாமி சொல்லுவாள்.’

சித்திரை பதினாலாம் தேதி, குளச்சலுக்குப் போகும் வைக்கோல் வண்டியின் உச்சியில் நாலு தலை தெரிந்தது. பின்னால் ஞானையனும் அவன் பெண்டாட்டி பூங்கனியும் நடந்து வந்தார்கள்.

நேசபாயின் திட்டம் கால் நாழிகை கூட நிற்கவில்லை. அவள் கயிற்றை எடுக்க உள்ளே போய்த் திரும்புமுன் மூத்த மூன்றும் உடுத்த துணியோடு அலையில் கிடந்தன. சின்னவன் மட்டும் கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்து அழுதான். கயிறு அவனுக்குத் தேவைப்படவே இல்லை. மறுநாள் பிள்ளைகள் சிரட்டையில் கறுப்பு மண்ணை அள்ளி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்தார்கள். பொழுதுக்கும் அதுதான் வேலை.

“மக்கா, கூலி என்ன தாறான்?” என்று கேட்டேன்.

“கூலி இல்ல மாமா, வெளயாட்டு,” என்றாள் லீலாபாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மண்ணை வைத்து விளையாடலாம் என்று பதினாறு வருஷத்தில் எனக்குத் தோன்றியதில்லை.

ஞானையன் மட்டும் சிரிக்கவில்லை. பாதிக் கஞ்சியோடு எழுந்துவிடுவான். என் முகத்தைப் பார்க்காமல் தூரத் தென்னையடியில் போய் இருப்பான். மூன்றாம் நாள் விடியற்காலம் வந்து, “அத்தான், உச்சைக்கு ஒரு வண்டி திரும்புது. நாங்க போறோம்,” என்றான்.

“அஞ்சு நாளுன்னுதானே எழுதின?”

“போறோம்,” என்றான். அடுப்படியில் நேசபாய் அகப்பையைக் கீழே வைத்தது கேட்டது.

அன்று ஞாயிறு இல்லாவிட்டாலும் எனக்கு ஓய்வு. கம்பெனியில் வேலை இல்லை. போகுமுன் பிள்ளைகள் இன்னொரு தடவை கடல் பார்க்கட்டும் என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனேன். கரையில் கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையின் ரெண்டு கயிற்றையும் கரையில் நின்றே இழுப்பது. ஆள் குறைவு. கையசைத்துக் கூப்பிட்டார்கள். கயிறு பிடித்தவன் யாரானாலும் அவனுக்கு மீனில் கூறு உண்டு, அது அந்தக் கரையின் முறை.

நானும் ஞானையனும் பிடித்தோம். பூங்கனியும் நேசபாயும் பிடித்தார்கள். பிள்ளைகள் இது ஏதோ பந்தயம் என்று நினைத்து எங்களுக்கு எதிரே நின்று கடல் பக்கமாக இழுத்தார்கள்.

“ஏலே, மீன அங்கயே திரும்பக் கொண்டு விடுதியளா?” என்று மடிக்காரர் திட்டினார். கரை முழுக்கச் சிரித்தது. பிறகு இந்தப் பக்கம் வந்து இழுத்தார்கள். உள்ளங்கை தோலுரிய ஒரு மணி நேரம் இழுத்தோம். மடி கரைக்கு வந்தபோது நிறையச் சாளை, கொஞ்சம் நெத்திலி.

கூறு வைப்பது அடுப்புக் கணக்கு. ஓர் அடுப்பில் தின்கிறவர்களுக்கு ஒரு குவியல். மடிக்காரர் எங்களிடம் வந்தார். “உங்களுக்கு எத்தன அடுப்பு?”

“ரெண்டு,” என்றான் ஞானையன். “நாங்க ஆரல்வாய்மொழி. எனக்க கூறையும் இவருக்கே குடும். கடனுக்கு இருக்கட்டு.”

இப்படிச் சொல்ல அவன் மூன்று நாளாக வழி தேடியிருக்கிறான் என்று அப்போது விளங்கியது. நேசபாய் கடலைப் பார்த்து நின்றாள். பிள்ளைகள் மீனைப் பார்த்து நின்றார்கள்.

“ஒரு அடுப்பு,” என்றேன்.

“அத்தான், நான் சொல்லுகத...”

“மூணு நாளா எங்கல கஞ்சி குடிச்ச? ஆரல்வாய்மொழியிலயா?”

“சீக்கிரம் சொல்லும், வெயிலு ஏறுது,” என்றார் மடிக்காரர்.

“ஒரு அடுப்புதான், வையும்.”

அவர் எட்டுப் பேர் கணக்குக்கு ஒரே குவியலாகக் கொட்டினார். ஞானையன், “அப்போ கடனு?” என்றான், மெதுவாக.

“சாள கெடக்கு, நெத்திலி கெடக்கு. இதுல ஒனக்க கடனு எங்க கெடக்கு? காட்டு, தனியா எடுத்து வைப்போம்.”

பூங்கனிதான் முதலில் சிரித்தாள். அவன் குவியலைப் பார்த்தான், பிறகு ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். மத்தியான வண்டி நாங்கள் இல்லாமலே போகட்டும் என்று நேசபாயிடம் சொல்லிவிட்டு, குனிந்து மீனைக் கடவப் பெட்டியில் வார ஆரம்பித்தான். நாலு ரூபாயும் ஒன்பது சக்கரமும் அதோடு தீர்ந்தது.