தலைமன்னாரில் ஒரு சிவப்புச் சேலை

தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்திறங்கிய வியாபாரி ஷரஃபுதீன், தி. நகர் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஒங்க அம்மா நல்லா இருக்காக தங்கச்சி. நான் கப்பலேறுற வரைக்கும் நல்லாத்தான் இருந்தாக" என்றார். அந்த 'வரைக்கும்' சண்முகவடிவின் காதிலேயே நின்றது. சிலோனில் கலவரம், ஊரடங்கு. கடுதாசி இல்லை, தந்தி இல்லை. இப்போது கப்பலும் நின்றுவிட்டதாம்.

"தெனமும் அந்தச் சேலையப் பனையில கட்டிடுறாக" என்றார் தயங்கியபடி.

எல்லாம் சண்முகவடிவின் வாயால் வந்த வினை. வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும் நாளில் தலைமன்னார்க் கரையிலிருந்து இந்தியா ஒரு கோடாகத் தெரியும். மகளை மெட்ராஸில் கட்டிக்கொடுத்த அம்மா பங்கஜம் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் மனசைத் தேற்றிக்கொண்டாள். அது ராமேஸ்வரத்துப் பக்கத்து மணல், மெட்ராஸ் அங்கிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரம் என்று அவளிடம் யார் சொல்ல? போன தை மாதம், 'பனையில என் சிவப்புச் சேலையக் கட்டியிருக்கேன், தெரியுதான்னு கேளு' என்று இதே ஷரஃபுதீனிடம் சொல்லியனுப்பியிருந்தாள். சண்முகவடிவுக்குச் சிரிப்பு வந்தது. "தெரியுதுன்னு சொல்லிருங்கண்ணே. பாவம், சந்தோசப்படட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

"கரையெல்லாம் பட்டாளம் நிக்கிது" என்றார் ஷரஃபுதீன். "வலைக்கு லாந்தர் காட்டுனவனையே, யாருக்குச் சாடை காட்டுறேன்னு புடிச்சிட்டுப் போயிட்டானுவ. வேணாம்மான்னு எம்புட்டோ சொன்னேன். எம்மவ பாத்துக்கிட்டு நிப்பா, காணலேன்னா பயந்துருவாங்கிறாக."

மத்தியானம் சாப்பிட வந்த கணவன் நல்லசிவம், "கெழவிய யாரு என்ன செய்யப் போறா? கெடந்து மறுகாத, சோத்தப் போடு" என்றான். போட்டாள். அவன் துணிக்கடைக்குத் திரும்பியதும் கதவைப் பூட்டிக்கொண்டு, கடற்கரைக்குப் போக அடையாறு பஸ் ஏறினாள். அங்கே போய் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பாழாய்ப்போன வானத்தில் ஒரு மேகம் இல்லை. அங்கேயும் இப்படித்தான் இருக்குமோ? இருந்தால் அம்மா வீட்டில் தங்கமாட்டாள், சேலையோடு பனைக்குப் போய்விடுவாள். கொஞ்சம் மூடிக்கொள்ளேன் என்று வானத்தைப் பார்த்துக் கெஞ்சினாள்.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவப் பெண்ணிடம், "சிலோன் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"தோ, அந்தாண்ட எங்கியோ கீது" என்று தெற்கே கையை வீசினாள் அவள். "இங்கேந்து இன்னா தெரியும்?"

சண்முகவடிவு அந்தப் பக்கமே பார்த்தாள். கண் வலித்தது. கடலும் வானமும் சேருமிடத்தில் சிவப்பாக ஏதோ அசைந்தது. மறைந்தது. மறுபடி எழுந்தது.

"எங்கூட்டுக் கட்டுமரந்தாம்மா, செவப்புப் பாய விரிச்சிக்கினு வருது" என்றாள் வலைக்காரி.

சண்முகவடிவின் காதில் அது விழவில்லை. சேலை நனைய அலைக்குள் இறங்கியிருந்தாள்.

"அந்தச் சேலைய எறக்கிரும்மா" என்றாள். "எனக்குத் தெரியலம்மா. ஒண்ணுமே தெரியல, எறக்கிரு."

காற்று நன்றாக அடித்தது. அந்தச் சிவப்பு படபடத்துக்கொண்டு இன்னும் உயர எழுந்தது.