சாமுண்டீஸ்வரியின் கையெழுத்து

என் தம்பி பிரதாப் ஜெயிலில் செத்துக்கொண்டிருந்தான். தொண்டையில் புற்றுநோய். வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று ஜெயில் டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் ஊரில் ஆட்சேபணை இருக்கக் கூடாதாம். விசாரிக்க வந்த நன்னடத்தை அலுவலர், சாமுண்டீஸ்வரியின் கையெழுத்துதான் முக்கியம் என்றார்.

அவள் புருஷன் தனசேகரைத்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்பு இவன் கொன்றான். இறால் பருவத்தில் வலை போடுவது யார் முறை என்று வந்த சண்டை. உடலை ஏரியில் எங்கேயோ போட்டுவிட்டு, இடத்தைக் கடைசிவரை சொல்லவில்லை, பாவி. உடல் கிடைக்காமல் காரியம் செய்ய மாட்டேன் என்று அவள் இன்றும் தாலியோடு இருக்கிறாள்.

வெட்கத்தை விட்டு அவள் வீட்டில் போய் நின்றேன். துடைப்பத்தை எடுப்பாள் என்று நினைத்தேன். அவள் இறால் உரிப்பதை நிறுத்தவேயில்லை.

"பேசுறானா?"

"பேசுறான்க்கா."

பச்சைப் பொய். குரல் போய் இரண்டு மாதமாகிவிட்டது. வேறென்ன சொல்வேன்?

கை கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டாள். "வரட்டும். அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."



வெள்ளிக்கிழமை மதியம் ஆம்புலன்ஸ் வந்தது. அவனைக் கட்டிலில் கிடத்தி வாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே அவள் வந்துவிட்டாள். அவன் கழுத்திலிருந்த குழாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"காதாவது கேக்குதா?"

"கேக்குதுக்கா."

கட்டிலருகே உட்கார்ந்தாள். "ஒவ்வொரு பாடா சொல்றேன். அவரைப் போட்ட எடம் வந்தா கண்ணை மூடு."

ஏரியில் நாங்கள் வலை போடும் இடங்களைத்தான் பாடு என்போம். எங்கள் ஊருக்குப் பதினோரு பாடு. அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"வடக்குப்பாடு."

பிரதாப் வெறித்தபடி கிடந்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்.

"நடுப்பாடு."

ஒன்றுமில்லை.

"தோணிப்பாடு."

கண்கள் மெல்ல மூடின. என் விரலுக்கடியில் நாடி இல்லை.

அவள் சட்டென்று எழுந்தாள். ஒன்பது வருஷத்தில் அந்த முகத்தில் நான் பார்க்காத தெளிவு. "படகு எடுக்கச் சொல்றேன்" என்று கரைக்கு ஓடினாள்.

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் ஏரியில் இறங்க மாட்டார்கள். நான் வாய்விட்டு அழுதால் போதும், எந்தப் படகும் நகராது. அவன் பதில் சொல்லக் கண்ணை மூடினானா, உயிர் போய்த் தானாக மூடிக்கொண்டதா என்று எனக்குத் தெரியாது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, அவள் ஏறிய படகின் இஞ்சின் சத்தம் ஏரிக்குள் தேய்ந்து மறையும்வரை அவன் கையை விடாமல் உட்கார்ந்திருந்தேன்.