பொய்த்தொப்பியின் வலது பக்கம்

“பாதம் கீழதானே இருக்கு?” என்று கட்டிலிலிருந்து மாமியார் கேட்டார்.

“கீழதான் அத்தை. தலை ஜன்னலைப் பார்த்த மாதிரி வெச்சிருக்கேன்.”

“குண்டூசி?”

“சுத்தி குத்தியாச்சு.”

“அப்போ மேல்தோலை வெட்டுங்க மாப்பிள்ளை. பதறாதீங்க, அதுக்கு இனிமே வலிக்காது.”

அவன் மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்தான். அது அவனுடைய செல்போன் பழுதுபார்க்கும் கடையில் இருக்க வேண்டிய மைக்ராஸ்கோப். அதன் அடியில் யாராவது ஒருவருடைய போனின் உள்பாகம் இருக்க வேண்டும். இப்போது ஒரு கண்ணாடித் தட்டில், சாராயத்தில் ஊறிய நத்தை ஒன்று கட்டை விரல் நகம் அளவில் கிடந்தது. கடையைப் பூட்டிவிட்டு, கேட்கிறவர்களிடமெல்லாம் ஸ்பேர் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

வேறு வழியில்லை. மாமியாருக்கு நத்தைகளைத் தவிர வேறு எதையும் பார்த்துப் பழக்கமில்லை. அருங்காட்சியகத்தில் சிப்பிப் பிரிவைத் தலைமையேற்று நடத்தி ஓய்வு பெற்றவர். இப்போது கண்ணின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. கை நடுங்கியது. இதயம் தன் பங்குக்குச் சோர்ந்துவிட்டது. வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போங்கள், பிடித்ததைச் செய்யட்டும் என்றார் டாக்டர். பிடித்தது இதுதான்.

நத்தையின் பெயர் அந்த வீட்டில் பொய்த்தொப்பி. கடற்கரைப் பாறைகளில் சின்னத் தொப்பியைக் கவிழ்த்தது போல ஒட்டிக்கொண்டிருக்கும் சிப்பிகளில் நிஜத் தொப்பிகள் உண்டு. அவை செவுளால் மூச்சு விடும் சுத்தமான கடல்வாசிகள். பொய்த்தொப்பி பார்க்க அச்சு அசலாக அப்படியே இருக்கும். ஆனால் அதன் உறவுக்காரர்கள் தோட்டத்து நத்தைகள். உள்ளே நுரையீரல் இருக்கும். அது மூச்சு விடுவதற்காக ஓட்டின் வலது ஓரம் லேசாகப் புடைத்து, உட்புறம் ஒரு வாய்க்கால் ஓடும். “கடலை விட்டு வந்து, காத்துக்குப் பழகி, அப்புறம் மனசு மாறி மறுபடி கடலுக்கே போன குடும்பம். போன இடத்துல நுரையீரலையும் விடல, புதுசா ஒரு செவுளையும் வெச்சுக்கிச்சு. ரெண்டு இடத்துலயும் கணக்கு வெச்சிருக்கிற ஆளு” என்பார் மாமியார்.

கல்யாணமான புதிதில் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவன், எப்போதிலிருந்து உண்மையாகவே கேட்க ஆரம்பித்தான் என்று அவனுக்கே தெரியாது. மாமியாரின் சொந்த மகள் இந்தப் பேச்சு தொடங்கினாலே எழுந்து போய்விடுவாள். அவள் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். “எங்க அம்மாவுக்கு முதல் குழந்தை நத்தை, நான் ரெண்டாவது” என்று கல்யாணத்துக்கு முன்பே அவனிடம் சொல்லியிருந்தாள். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரிப்பு முழுசாக இல்லை.

“திறந்துட்டீங்களா?”

“பின் மூடியைக் கழட்டிட்டேன் அத்தை.”

மாமியார் சிரித்தார். ஓட்டுக்கும் மேல்தோலுக்கும் சேர்த்து பின் மூடி என்று அவன்தான் பெயர் வைத்திருந்தான். பாதம் ஸ்கிரீன். நாக்கில் வரிசை வரிசையாக இருக்கும் பற்கள் கீபோர்டு. முப்பது வருடம் பெரிய பெரிய பெயர்களைச் சொல்லி வந்தவருக்கு இது ஏனோ ரொம்பப் பிடித்துப்போனது.

“மூடிக்கு அடியில வலது பக்கமா பாருங்க. முட்டைக்கும் விந்துக்கும் உள்ள சாமான் எல்லாம் அங்கதான் இருக்கும். ஒரே ஆள்கிட்ட ரெண்டும் இருக்கும். அதுலேர்ந்து மெல்லிசா ஒரு குழாய் போகும். அது நேரா போகுதா, நடுவுல ஒரு வளையம் போட்டுட்டுப் போகுதான்னு மட்டும் சொல்லுங்க.”

இந்த வளையத்தில்தான் எல்லாம் இருந்தது. முன்பு ஒரு காலத்தில், துறைமுகத்துக்கு அடியில் இப்போது புதைந்துவிட்ட ஒரு பாறையிலிருந்து எடுத்த காலி ஓடுகளை வைத்து, இது ஒரு தனி இனம் என்று மாமியார் அறிவித்திருந்தார். ஓட்டின் மேல் வரம்பு போல எழும்பி ஓடும் விலாக்களில் வலது பக்கத்தது மட்டும் இரண்டாகப் பிரிவதை அடையாளமாகச் சொன்னார். அடுத்த அறையில் வேலை பார்த்த சக அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. அலை அடிக்கிற அடியில் ஓடு எப்படி வேண்டுமானாலும் வளரும், இது பழைய இனமேதான், உள்ளுறுப்பைக் காட்டு என்றார். காட்ட உயிரோடு ஒன்றும் மிச்சமில்லை. அவர் எதையும் ஒன்றாகச் சேர்க்கிறவர் என்பதால் மாமியார் அவருக்கு மொத்த வியாபாரி என்று பெயர் வைத்தார். அவர் மாமியாருக்குச் சில்லறை என்று வைத்தார். ஓய்வு பெறும் வரை இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள், ஒரு நாள்கூட ஒத்துப்போகவில்லை.

போன வாரம், புதிய அலைதடுப்புச் சுவரில், அதே இரட்டை விலாவோடு உயிருள்ள ஒன்றை அவன் கண்டுபிடித்தான். சும்மா அங்கே போனவன் இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தேடியிருந்தான். பழைய இனத்துக்குக் குழாய் நேராக இருக்கும். இதற்கு வளையம் இருந்தால் மாமியாரின் இனம் நிற்கும், இல்லாவிட்டால் போயிற்று.

அவன் மெல்லிய இடுக்கியால் திசுக்களை ஒதுக்கினான். பழுப்பாக ஈரல் போல ஒன்று தெரிந்தது. அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒரு குழாய். மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் கூடவே போனான்.

“தெரியுதா?”

“தெரியுது.”

“வளையம்?”

குழாய் நேராகப் போனது. அவன் மறுபடி முதலிலிருந்து வந்தான். பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்தக் கட்டிலில் இருந்தவரிடம் நத்தையைப் பற்றிப் பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

“இல்ல அத்தை. நேராதான் போகுது.”

மாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நல்லா பாத்தீங்களா?”

“ரெண்டு தடவை.”

“சரி. அப்போ மொத்த வியாபாரி சொன்னதுதான் சரி.” அவர் குரலில் வருத்தம் இருக்கிறதா என்று அவன் உற்றுக் கேட்டான். அவர் ஏற்கெனவே வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். “அவர் எப்படியும் வருவார். நான் இருந்தாலும் வருவார், இல்லாட்டியும் வருவார். நீங்களே சொல்லிடுங்க, நீங்கதான் சரின்னு ஒத்துக்கிட்டாங்கன்னு. பாவம், ரொம்ப நாளா காத்துக்கிட்டிருக்கார்.”

“சொல்றேன்.”

“ஆனா மாப்பிள்ளை, அந்த விலா ஏன் அங்க மட்டும் பிரியுது? அலைதான் காரணம்னா எல்லாப் பக்கமும்ல பிரியணும்?”

அவனுக்கும் அது தெரிய வேண்டும் போலிருந்தது. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினான். மூச்சு போய் வருகிற பக்கம் என்பதால் அங்கே ஓட்டுக்கு அதிக பலம் வேண்டியிருக்குமோ என்றான். பதில் இல்லை. போனில் சார்ஜ் போகிற ஓட்டையைச் சுற்றித்தான் உலோகம் வைப்பார்கள் என்றான். அதற்கும் பதில் இல்லை. மாமியாரின் காது மெஷினில் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்தான். மாதத்துக்கு ஒரு தடவை இப்படி ஆகும். விலாவையே யோசித்தபடி எழுந்து போய், முகத்தைக்கூடப் பார்க்காமல் அவர் வலது காதிலிருந்து அதைக் கழற்றி, மேஜைக்குக் கொண்டுவந்து பேட்டரியை மாற்றினான். மெஷின் கீச்சென்று கத்தியது. நன்றாகத்தான் வேலை செய்தது. எடுத்துப்போட்ட பேட்டரியைச் சோதித்தான். அதிலும் உயிர் இருந்தது.

அப்போதுதான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான்.

மறுநாள் காலை வீடு முழுக்க ஆட்கள். கூடத்தில் சோபாவைச் சுவரோரம் தள்ளி, நடுவில் மாமியாரைக் கிடத்தியிருந்தார்கள். மாமியாரின் தங்கை தலைமாட்டில் நாற்காலி போட்டுக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம், “நத்தைன்னா உயிரு. எங்க அக்கா நத்தைன்னா சோறு தண்ணி வேணாம்னு இருப்பா” என்று சொல்லி அழுதாள். மனைவி அழவில்லை. வாடகை நாற்காலிகளை வாங்கி வைத்தாள், வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று போனில் கேட்டாள், யாருக்கோ காபி கொடுத்தாள். அவன் அருகே போனபோது, “எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க சாப்பிட்டீங்களா?” என்றாள்.

அவன் மனதில் ஒரே விஷயம்தான் ஓடியது. மொத்த வியாபாரி வந்துகொண்டிருக்கிறார். வந்ததும் சொல்ல வேண்டும். செத்தவரின் தோல்வியைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை யாரும் இதுவரை அவனிடம் ஒப்படைத்ததில்லை.

தட்டில் சாராயம் வற்றி நத்தை காய்ந்துவிடும் என்று நினைவுக்கு வந்ததும் அறைக்குப் போனான். வெறும் கட்டிலைப் பார்க்காமல் மேஜையில் உட்கார்ந்து, சாராயத்தை ஊற்றினான். விளக்கைப் போட்டான். கடைசியாக ஒரு தடவை பார்ப்போமே என்று தோன்றியது.

வெள்ளைக் குழாய் அங்கேயே இருந்தது. இந்த முறை யாரும் கேள்வி கேட்காததால் அவசரமில்லாமல் போனான். அது எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போனான். தலைக்குப் போனது. தலையில் கீபோர்டுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது.

வாய்.

நேற்று முழுக்க அவன் நத்தையின் உணவுக்குழாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

தட்டின் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தான். அங்கே, அவன் நேற்று வெட்டி மடித்துப் போட்ட தோலுக்கு அடியில், மூச்சு வாய்க்காலின் இடைவெளி தெரிந்தது. அதை ஒட்டி மஞ்சளாகச் சுரப்பிகள். அவற்றிலிருந்து தலைமுடி போல ஒரு குழாய் கிளம்பி, கொஞ்ச தூரம் போய், யாரோ விரலில் சுற்றி விட்டது போல ஒரு வளையம் போட்டுவிட்டு, மேலே போனது.

“வந்துட்டார்” என்றாள் மனைவி, வாசலில் நின்று. பிறகு, “என்ன ஆச்சு?” என்றாள்.

“தப்பாப் பாத்துட்டேன். வலது பக்கம்னு சொன்னாங்க. நான் இடது பக்கத்தைப் பாத்திருக்கேன். எப்படின்னே தெரியல. வலதுன்னு அவ்வளவு தெளிவா சொன்னாங்க.”

அவள் உள்ளே வந்தாள். “நகருங்க.”

அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் மைக்ராஸ்கோப்பில் குனிவதை அவன் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான். அவிழ்ந்த முடியை ஒரு கையால் பின்னால் பிடித்துக்கொண்டாள். அவன் இடுக்கியின் நுனியால் ஓட்டின் பக்கம், பாதத்தின் பக்கம், தலை என்று காட்டினான்.

“இதுக்கு நீங்க ஏதோ பேர் வெச்சிருந்தீங்களே?”

“ஓடு பின் மூடி. பாதம் ஸ்கிரீன்.”

“ஸ்கிரீன் கீழ, பின் மூடி மேல. இப்படி வெச்சு ஒரு போனைத் திறக்கறீங்க. ஸ்கிரீன்ல வலது பக்கம் இருக்கிற சாமானை எங்க தேடுவீங்க?”

“இடது…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். பதினெட்டு வருடமாக அவன் கை அப்படித்தான் போகிறது. யோசித்துப் போவதில்லை.

“இடது வலது குழம்புறவங்களாலதான் எனக்கு சோறே” என்றாள் மனைவி. குரல் கொஞ்சம் உடைந்தது. கண்ணை எடுக்கவில்லை. “இதுதான் வளையமா? இந்தச் சுருட்டையா இருக்கிறது?”

“ஆமா.”

“அழகா இருக்கு” என்றாள் எரிச்சலோடு. “எங்கிட்ட எத்தனை தடவை வந்து பாருடின்னு கூப்பிட்டிருப்பாங்க.”

அதற்குள் மொத்த வியாபாரி கைத்தடியை ஊன்றிக்கொண்டு அறை வாசலுக்கே வந்துவிட்டார். பேசப் பயமாக இருந்தாலும் அவன் ஒப்புக்கொண்ட வேலையைச் செய்தான். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க சார். நீங்கதான் சரின்னு ஒத்துக்கிட்டாங்க.”

கிழவர் அவனை முறைத்தார். “அவங்களா? ஒத்துக்கவே மாட்டாங்களே!”

“நான் தப்பா சொன்னதை நம்பி ஒத்துக்கிட்டாங்க. நீங்க பாருங்க.”

கிழவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மனைவி எழுந்து இடம் கொடுத்தாள். அவர் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். விரல்கள் தாமாகவே ஃபோகஸ் திருகைத் தேடிப் பிடித்துக்கொண்டன. கூடத்தில் யாரோ பெரிதாக அழுவது கேட்டது.

“வலது சுவருக்குள்ள புதைஞ்சு ஒரு வளையம்” என்றார் கடைசியில். “தனி இனம்தான். சந்தேகமே இல்ல.” நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. “சில்லறை இதைப் பாக்கலையா?”

இல்லை என்று தலையை ஆட்டினான். தான்தான் மாமியாரைத் தோற்கடித்து அனுப்பினோம் என்ற நினைப்பு அவனை விடவில்லை. அவர் அதை வருத்தமில்லாமல் வாங்கிக்கொண்டதும், அடுத்த கேள்விக்குப் போனதும் அவனுக்கு ஆறுதலாக இல்லை.

மனைவி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டுக்குப் பக்கத்தில், நேற்று அவன் வைத்த இடத்திலேயே, காது மெஷின் இருந்தது. அதை எடுத்துத் துப்பட்டாவால் துடைத்தாள். “பேட்டரி?” என்றாள்.

“புதுசு.”

அவள் கூடத்துக்குப் போனாள். அவன் வாசல்வரை பின்னாலேயே போய் நின்றுகொண்டான். அவள் அம்மாவின் இடது பக்கம் மண்டியிட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, எழுந்து சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தாள். சித்தி அழுகையை நிறுத்தி, நாற்காலியை நகர்த்தி வழிவிட்டாள். அவள் மெஷினை அம்மாவின் காதில் பொருத்தி, சின்னப் பொத்தானை அழுத்தினாள். அது கீச்சென்றது. அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, அவள் குனிந்தாள்.