ரதிக்கு அழுகை வரல

மாசி பொறந்துட்டா என் புருஷன் எனக்கில்ல. அவரு ரதி. லுணுகலைக்கு மேல எங்க தேயிலைத் தோட்டத்துல காமன் கூத்துன்னா மன்மதன் வேஷம் தயாபரனுக்கு, ரதி வேஷம் எங்க வீட்டுக்காரருக்கு. என் சேலையத்தான் கட்டுவாரு. எனக்கு அமையாத கொசுவம் அவருக்கு அமையும். அதுல எனக்குக் கொஞ்சம் வயித்தெரிச்சல்தான்.

இந்த வருஷம் அந்த ஜோடிக்குள்ள பேச்சே இல்ல. தயாபரனோட ஆடு எங்க போஞ்சிக்காய்ப் பாத்திய மேஞ்சிருச்சு. ஆட்டுக்குத் தெரியுமா போஞ்சி யாருதுன்னு? "இனி என் லயத்து வீட்டு வாசல மிதிக்காத"ன்னுட்டாரு இவரு. சின்ன வயசுலருந்து ஒரே தட்டுல சாப்பிட்ட சிநேகிதம், போஞ்சியோட போச்சு.

இப்ப தயாபரன் குடும்பத்தோட காலி டவுனுக்குக் கெளம்புறான். கடலோரத்துல ஹோட்டல் வேலையாம். கூத்துல காமன எரிக்கிற தகனம் முடிஞ்ச கையோட காலை பஸ். மூணாம் நாள் காமன் எழும்புறதுக்கு வேற ஆளப் போடச் சொல்லிட்டான்.

"போறதுக்குள்ள ஒரு வார்த்தை பேசிருங்க"ன்னேன் இவருகிட்ட.

"காப்பு கட்டியிருக்கேன், தெரியும்ல?"ன்னாரு.

காப்பு கட்டிட்டா, காமன் எழும்புற வரைக்கும் வேஷக்காரங்க சொந்தப் பேரு சொல்லிப் பேசிக்கக்கூடாது. அது எங்க தோட்டத்துக் கட்டு. வீம்பு புடிச்ச மனுசனுக்கு அது நல்ல சாக்காப் போச்சு.

தகன ராத்திரி, விடியப்போற நேரம் சிவன் நெத்திக்கண்ணத் தொறந்தாரு. கம்பத்துல தீ வச்சாங்க. தயாபரன் விழுந்தான், வெள்ளத்துணியப் போட்டு மூடினாங்க. இனி ரதி புலம்பணும். ரதி அழுதாத்தான் காமனுக்கு உசுரு.

தப்பு மேளம் நின்னுச்சு. எங்க வீட்டுக்காரர் துணிகிட்ட உக்காந்து வாயத் தொறந்தாரு. பாட்டு வரல. கூத்து வாத்தியார் சுந்தரலிங்கம் அண்ணன் அடியெடுத்துக் குடுத்தாரு. அப்பவும் வரல. பாவி மனுசா, அழுது தொலையேன்!

அவரு அந்தத் துணியவே பாத்தாரு. தலையிலருந்து கால் வரைக்கும் மூடிக் கெடந்தான் அவன். திடீர்னு மாருல அடிச்சுக்கிட்டு, "அடேய் தயாபரா! என்ன விட்டுட்டுப் போறியாடா?"ன்னு ஓன்னு அழுதாரு.

போச்சு, கட்டு ஒடஞ்சிருச்சு. வாத்தியார் தலையில கைய வச்சுக்கிட்டாரு.

அதுக்கும் மேல ஒண்ணு நடந்துச்சு பாருங்க. துணிக்குள்ளருந்து செத்த காமன் விசும்பிக்கிட்டே, "நீதானடா வாசல மிதிக்காதன்ன!"ன்னான்.

"செத்தவன் பேசக்கூடாதுடா!" வாத்தியார் கத்தினாரு. "மூணாம் நாள்தான்டா எழும்பணும்!"

இவரு துணிய வெலக்கி, என் சேலை முந்தானையால அவன் மூஞ்சியத் தொடச்சாரு.

"மூணாம் நாள் இவன் எங்கண்ணே இருப்பான்?"னாரு.

வாத்தியார் ரெண்டு பேரையும் பாத்தாரு. அப்புறம் தப்படிக்கிறவங்களுக்குக் கையக் காட்டினாரு. காமன் எழும்புறப்ப அடிக்கிற அடியையே அவங்க அடிச்சாங்க.