வேனின் முன் சீட்

வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட் என்னுடையது. ஏனென்றால் டிரைவர் என்னுடையவர். புதுவாயலில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பும்போதே நான் ஏறி அங்கே உட்கார்ந்துவிடுவேன். பிறகுதான் கூட்ரோட்டில் நிற்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நாங்கள் வேலை செய்யும் பாட்டில் மூடி கம்பெனிக்குப் போவோம். முரளி ஓட்ட, பக்கத்தில் ஜெனிபர். கல்யாணமானதிலிருந்து அதுதான் வழக்கம்.

எல்லம்மா வந்து அதைக் கெடுத்தாள்.

பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பத்துப் பெண் அவள். பஸ் பிடித்துப் புதுவாயல் வந்து வேன் ஏறுவாள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பின் சீட்டில் உட்கார்ந்து, வாந்தியெடுத்து, பக்கத்திலிருந்தவர்கள் புடவையெல்லாம் பாழ்.

"படகுல போனா ஒண்ணும் ஆவாதுக்கா. இந்த வேன்தான் கொமட்டுது" என்றாள் என்னிடம்.

"ஜெனி, அது முன்னாடி உக்காரட்டும். தெனம் வண்டிய யாரு கழுவிக்கினு இருக்கறது" என்றார் முரளி.

நான் பின்னால் போனேன். என் வயிற்றெரிச்சலும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

பின் சீட்டுக்கு அவர்கள் பேசுவது ஒன்றும் கேட்காது. முன்கண்ணாடியில் முரளியின் முகம் மட்டும் தெரியும். எல்லம்மா கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்வாள். இவர் தலையாட்டுவார். ஒருநாள் சிரித்தார். இன்னொரு நாள் பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிப்பதுகூடத் தெரியாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயை அப்படிப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டேன். "இன்னாங்க அப்படி ஓயாத பேச்சு, அவகூட?"

"இயேசுவ பத்தி சொல்லிக்கினு வருது. நல்லாத்தான் சொல்லுது" என்றார், செருப்பைக் கழற்றியபடி.

வேறு ஏதாவது பேச்சாக இருந்தால் அவள் கொண்டையைப் பிடித்திருப்பேன். இதற்கு என்ன செய்வது?

நான் பிறந்ததே விசுவாசிகள் வீட்டில். முரளி பெரியபாளையம் பக்கத்தில் நெல் விளைவிக்கிறவர் வீட்டுப் பிள்ளை. ஆடி வந்தால் அம்மாவோடு பவானியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வருவார். இரண்டு வீட்டிலும் சண்டை போட்டுத்தான் கட்டிக்கொண்டோம். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஜெபம்: இந்த மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது என் பக்கத்தில் சபையில் உட்கார வேண்டும். அதற்காகவே சபையில் சுவிசேஷம் சொல்லும் பயிற்சி வைத்தபோது முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். பாவம், தண்டனை, சிலுவை, விசுவாசம் என்று தலைப்பு மாறாமல், வசனம் பிசகாமல், யார் குறுக்கே பேசினாலும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வேன். முரளியிடமும் சொன்னேன், சொன்னேன், சொல்லிக்கொண்டே இருந்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, சோறு போடு" என்பார். கிறிஸ்துமஸுக்கு என்னைச் சபை வாசலில் இறக்கிவிட்டு எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார்.

இவள் விசுவாசத்துக்கு வந்ததே போன வருஷம்தான். வேதத்தில் எது ஆண் பெயர், எது பெண் பெயர் என்றுகூட அவளுக்கு நிச்சயமில்லை. சாப்பாட்டு நேரத்தில் நான் திருத்தினால், "யாரோ ஒர்த்தருக்கா. ஆண்டவரு அவர கைவுடல இல்ல, அதான் மேட்டரு" என்று சோற்றைப் பிசைவாள். இவள் சொல்லி அவர் கேட்கிறாராம்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் முரளி டீ குடித்தபடி, "எல்லம்மா ஞாயித்துக்கிழம சபைக்குக் கூப்டுது. உங்க சபைக்குத்தான். போலாமா?" என்று கேட்டார்.

நான் எத்தனை வருஷம் காத்திருந்த கேள்வி. சந்தோஷப்பட வேண்டியவள்தானே? எனக்கு நெஞ்சு காந்தியது.

"நான் கூப்ட்டா டீக்கட. அவ கூப்ட்டா சபையா?"

"நீ எங்க கூப்ட்ட" என்றார் முரளி நிதானமாக. "காலைல கம்பெனி கேட்ல எல்லாரும் கைய நீட்டிக்கினு உறுதிமொழி சொல்றீங்களே, கையுறை போடுவேன், மெஷின்ல கை வுட மாட்டேன்னு. நீ சொல்றதும் அப்படித்தான் கீது. எல்லாம் கரெக்டு. யார்கிட்ட சொல்றன்னுதான் தெரியல."

அன்றைக்கு நான் சோறு போடவில்லை. அவரே போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை முன் சீட்டில் ஏறி, பையை மடியில் வைத்து அழுத்தமாக உட்கார்ந்தேன். கூட்ரோட்டில் கதவைத் திறந்த எல்லம்மா என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். பின்னால் போய்விட்டாள். இன்றைக்கு நான் சொல்கிறேன் பார் என்று முதல் தலைப்பை ஆரம்பித்தேன். சிப்காட் வளைவு வருவதற்குள் பின்னாலிருந்து அவள் குமட்டும் சத்தம் கேட்டது. வண்டியை ஓரங்கட்டியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

மத்தியானம் கைகழுவும் குழாயடியில் அவள் மட்டும் தனியாக நின்றாள். முகம் வெளுத்திருந்தது. நான் விடவில்லை. "எங்க ஊட்டுக்காரர்கிட்ட அப்படி இன்னாதான் சொன்ன?"

"எங்க நைனா கதையத்தான்கா சொன்னேன்" என்றாள். "ஏரில நெனச்சவன் நெனச்ச எடத்துல வல போட முடியாது. சீட்டு குலுக்கிப் போட்டு முறை வரும். முறைக்காரன்தான் போடணும். எங்க நைனா குடிச்சிட்டுப் போயி ஆதிகேசவன் பெரியப்பா முறைல வல போட்டுட்டாரு. தட்டிக்கேட்ட பெரியப்பாவோட வலையையும் அறுத்துட்டாரு. ஊர்ல கூடி எங்க நைனாவுக்கு முறையே கெடையாதுன்னுட்டாங்க. ஊட்ல அடுப்பு எரியல. அப்போ பெரியப்பா, அவரு முறை வந்த அன்னிக்கி எங்க ஊட்டாண்ட வந்து நின்னாரு. 'நாகமுத்து, இன்னிக்கி என் முறை. நீ போய் வல போடு'ன்னாரு. ஊர்லயும் அவரே பேசி ஒத்துக்க வெச்சுட்டாரு. எங்க நைனா கூடை நெறைய எறா அள்ளிக்கினு வந்தாரு. பெரியப்பா வெறுங்கையோட ஊட்டுக்குப் போனாரு."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "இயேசு எனக்காகச் செத்தாருன்னு மொதல்ல கேட்டப்போ, எனக்குப் பெரியப்பாதான் ஞாபகம் வந்தாரு. தப்பு செஞ்சவ நானு. வெறுங்கையோட போனவரு அவரு. அத்ததான் அண்ணன்கிட்ட சொன்னேன். நீ இத்தவிட நல்லா சொல்லியிருப்பியேக்கா."

தப்புக் கண்டுபிடிக்கத் தேடினேன். பாவம் இருந்தது, தண்டனை இருந்தது, சிலுவையும் இருந்தது. பெரியப்பா சொன்ன ஒரு வார்த்தையை நம்பி நைனா வலை போடப் போனாரே, அந்த விசுவாசமும் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு குறையும் கிடைக்காதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து முன் சீட்டில் ஏறிவிட்டேன். எல்லம்மா கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தாள், வாந்திக்கு. என் பக்கம் திரும்பவேயில்லை. நேராகப் பின் கதவுக்குப் போனாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கீழே இறங்கினேன்.

"எல்லம்மா, இது என் சீட். நீ உக்காரு."

அன்பாகச் சொன்னேன் என்று புளுக மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். பின்னால் போய் உட்கார்ந்து, வழியெல்லாம் அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கண்ணாடியைப் பார்த்தபடி வந்தேன். இரண்டு பேரும் பேசவில்லை. கண்ணாடியில் முரளி என்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

எல்லாரையும் இறக்கிவிட்டு, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். நான் இறங்கி அவர் ஜன்னல் பக்கம் வந்தேன்.

"எல்லம்மா சொன்ன கத இன்னிக்கித்தான் சரியா புரிஞ்சுது" என்றார்.

பாருங்கள், அப்போதும் எல்லம்மா பெயர்தான் முதலில் வருகிறது.

தலைப்பு நான்கும் நாக்கு நுனியில் இருந்தன. அவை வரவில்லை. வேறு வந்தது. "எனக்கு அவ மேல பொறாமங்க. நான் சொல்லி வராதவரு அவ சொல்லி வர்றீங்களேன்னு பத்திக்கினு எரியுது. காலைல வேணும்னேதான் அவள பின்னால அனுப்புனேன். வாந்தி எடுப்பான்னு தெரிஞ்சுதான் அனுப்புனேன். இந்த மாதிரி கீறவளுக்காகத்தான் இயேசு வெறுங்கையோட போனாரு. அத்த எல்லம்மாவுக்கு மட்டும் செய்யல, எனக்கும் செஞ்சாரு. உங்ககிட்ட பாவம் பாவம்னு சொன்னேனே, ஒரு நாளும் அது என் பாவம்னு சொன்னதில்ல."

"சரி, சோறு போடு" என்பார் என்று காத்திருந்தேன். அவர் சாவியைத் திருகி என்ஜினை அணைத்தார். பக்கத்துக் கதவை உள்ளேயிருந்து திறந்துவிட்டார்.

"ஏறி உக்காந்து சொல்லு" என்றார்.